ஞாயிற்றுக்கிழமை அம்மா

மார்ச் 2, ஞாயிறு

இந்த டைரி துறைமுகத்தில் இவருக்குக் கொடுத்தது. ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் ஆன்றோ கிரேன் படம் போட்டே தீர்த்துவிட்டான். அப்பா கிரேன் ஓட்டுகிறவர் என்பதால் பையனுக்கும் உலகத்தில் வேறு படம் கிடையாது. மார்ச்சை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபியோனா என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது.

நான் ஜெரோமைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து ஒன்றரை வருடம். நான் வந்த வாரமே ஆன்றோ அம்மா என்றான். அவனைப் பெற்ற ஜூலி அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனாள். அவனுக்கு முகம்கூடத் தெரியாது. அவன் அக்கா ஃபியோனாவுக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால் நான் அவளுக்கு சித்தி. "சித்தி, பென்சில் சீவித் தாறீங்களா?" "சித்தி, தண்ணி வேணும்." ரொம்ப மரியாதை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் பேசுவது போல.

போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு வாண்டு என்னைக் காட்டி, "இது யாருட்டி?" என்று கேட்டது. இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். பிறகு வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு இட்லி மாவுக்கு உப்புப் போட மறந்தேன். மறுநாள் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நாளை திருநீற்றுப் புதன், தவக்காலம் ஆரம்பம். போன வருடக் குருத்தோலைச் சிலுவையைச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கோயிலில் கொடுத்தாயிற்று. அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்களாம். நான் நாசரேத் ஊரில், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். நாங்கள் ஜெபம் என்போம், கத்தோலிக்கர்களான இவர்கள் செபம் என்பார்கள். குருவானவர் எங்களுக்கு ஐயர், இவர்களுக்குச் சாமியார். கல்யாணமான புதிதில் பங்குச் சாமியாரை "ஐயரே" என்று கூப்பிட்டேன், அவர் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் லெந்து, அதாவது தவக்காலம் என்றால் ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன் வாசலைத் தாண்டாது. இங்கே அப்படி இல்லை. "ஞாயித்துக்கிழம கணக்குல வராது பெர்சிஸ்" என்கிறார் இவர். "ஆண்டவர் உயிர்த்த நாளுல்லா? அன்னைக்கு ஒருசந்தி நோன்பும் கெடயாது, ஒறுத்தலும் கெடயாது. கறி எடுக்கலாம்." கறிக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள் ஆண்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது ஃபியோனா ஒறுத்தலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். பிடித்த ஒன்றைத் தவக்காலம் முழுக்க விட்டுவிட்டு, அதை இயேசுவுக்குக் கொடுப்பது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பெனிட்டா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"கொஞ்சம் பிடிச்சத விட்டாப் போதுமாப்பா?"

"சிஸ்டர் என்ன சொன்னாக?"

"ரொம்பப் பிடிச்சதத்தான் விடணுமாம். என்னதுன்னு யார்ட்டயும் சொல்லவும் கூடாதாம். சொன்னா அது ஒறுத்தல் இல்லியாம், பெருமயாம்."

"நான் பொரிச்ச கத்திரிக்காய விடுதேன்" என்றான் ஆன்றோ. கத்திரிக்காய் என்றால் அவனுக்கு வாந்தி வரும். ஃபியோனா சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே என்னை ஒரு தடவை பார்த்தாள்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நாலு பேர் நெற்றியிலும் சாம்பல். ஆன்றோ அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான், துடைக்க விடவில்லை.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து மெர்லின் அக்கா பேசினார். ஜூலியின் அக்கா, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, அங்கே ஸ்கூல் டீச்சர். ஃபியோனாவிடம் வெகுநேரம் பேசினார். நான் தையல் மெஷினில் இருந்தேன், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

படுக்கப் போகும்போது ஃபியோனா வாசற்படியில் நின்று, "குட்நைட் சித்தி" என்றாள்.

வாய் தவறிச் சொல்லியிருப்பாள்.

மார்ச் 6, வியாழன்

வாய் தவறவில்லை. காலையிலிருந்து சித்திதான். ஆன்றோ, "சித்தி இல்ல, அம்மா" என்று திருத்தினான். அவள் அவன் காதில் என்னவோ சொன்னாள், அவன் பேசாமல் இருந்துவிட்டான்.

சாயங்காலம் இவர் கடைத்தெருவிலிருந்து மக்ரூன் வாங்கி வந்தார். தவக்காலத்தில் இனிப்பா என்று நான் பார்த்தேன். ஃபியோனா சந்தோஷமாக நாலு எடுத்துத் தின்றாள். ஒறுத்தல் இரண்டாம் நாளே போயிற்று, பாவம். வாயைக் கட்டத் தெரியாததில் அப்பாவைக் கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. சித்தி என்பதும் நல்ல வார்த்தைதான்.

மார்ச் 7, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை செபம். முழங்கால் வலி. ஈஸ்டருக்கு ஆறு கவுன் தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் லேஸ் வேண்டுமாம். ரசம், அப்பளம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆட்டுக்கறி எடுத்தோம். காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே ஃபியோனா பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள். கத்தி கையிலிருந்து விழுந்தது. பூசைக்குப் போகும்போது அம்மா, வரும்போது அம்மா, சாப்பிடும்போது, "அம்மா, எனக்கு நெஞ்செலும்பு." இருந்த நெஞ்செலும்பு முழுவதையும் அவள் தட்டில் போட்டேன். இவர் பாவமாகப் பார்த்தார்.

எனக்குத் தெரியும், அந்த போன் பேச்சில் ஏதோ குழம்பிப் போய்விட்டது பிள்ளை. இனி சரியாகிவிடும்.

மார்ச் 10, திங்கள்

"சித்தி, சாக்ஸ் எங்க?"

மார்ச் 12, புதன்

மெர்லின் அக்கா மறுபடி பேசினார். என்னிடமும் பேசினார். நல்ல மனுஷிதான், குற்றம் சொல்ல வாய் வராது. "பெர்சிஸ், பிள்ளைக்கு வெயில்ல உச்சில எண்ணெ வச்சு விடுங்க" என்றார். நான் தினமும் வைத்துத்தான் விடுகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். ஃபியோனா ஒரு நிமிஷம் என் கையை விடவில்லை. "அம்மா, அந்தக் கப்பலப் பாருங்க." "அம்மா, நண்டு." "அம்மா." என்னட்டி என்றால், "ஒண்ணுமில்ல." ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கூப்பிட்டது போல இருந்தது. திரும்பி வரும் வழியில் பரோட்டா கேட்டாள். இவர் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு, பரோட்டா உண்டு, கடற்கரை உண்டு. அன்றைக்கு நான் அம்மா. மற்ற நாளில் வீட்டுப்பாடம், கத்திரிக்காய், பேன் சீப்பு. அன்றைக்கு நான் சித்தி. கெட்டிக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன். நினைத்துச் சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

சித்தி. எதிர்பார்த்தேன், அதனால் பரவாயில்லை. பாலைக் காய வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன், பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியது.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். இவருக்கு இரண்டாவது ஷிப்ட். நாலு கவுன் முடிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

நாசரேத்துக்குப் போய்விட்டு வந்தேன், தனியாக. என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வேண்டாம் போல் இருந்தது. பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே பஸ் ஏறினேன்.

எங்கள் கோயிலில் உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடினேன். பக்கத்து வீட்டு அத்தை, "பிள்ளைய கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டாள். பரீட்சை என்றேன்.

வரும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபோது இரண்டும் தூங்கியிருந்தன. இவர் சொன்னார்: "காலைலருந்து கேட்ல தொங்கிட்டே கெடந்தா. மறைக்கல்விக்குப் போகமாட்டேன்னுட்டா. சாயங்காலம் ஒரே அழுக. ஞாயித்துக்கிழம போயிட்டாங்களே, ஞாயித்துக்கிழம போயிட்டாங்களேன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கறி வைக்கலன்னு அழுதாளோ என்னவோ."

அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

காலையில் ஃபியோனா தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. ரிப்பனைக் கட்டும்போது திரும்பாமலே சொன்னாள்:

"சித்தி, இனிமே ஊருக்குப் போணும்னா திங்கக்கிழம போங்க. செவ்வாக்கிழமகூடப் போங்க. ஞாயித்துக்கிழம போகாதீங்க."

"ஏன், பரோட்டா கெடைக்காதா?" என்றேன். என் வாயில் அன்றைக்கு நல்ல சொல் இல்லை.

அவள் ஜடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா, அம்மா, அம்மா. நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். கறி நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று மெர்லின் அக்கா இவரிடம் பேசியதை இவர் அப்படியே என்னிடம் சொன்னார். ஃபியோனாவை அவர் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார். லீவுக்கு இல்லை, படிக்க வைக்க. நல்ல பள்ளிக்கூடம், சீட்டுக்குப் பேசிவைத்தாயிற்று. அவருக்குப் பிள்ளை இல்லை. பெரிய வியாழனுக்கு இங்கே வருகிறார், ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை புறப்படும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெர்சிஸ்தான் சொல்லணும்னு சொன்னேன்."

"நான் எதுக்கு? உங்க பிள்ள."

"பாத்துக்கிடுதது நீதான. நீ அனுப்பலாம்னா அனுப்புதேன், வேண்டாம்னா வேண்டாம்." சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டாரில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். கனமான விஷயம் எதைப் பேசினாலும் இவருக்கு மோட்டார் ஞாபகம் வந்துவிடும்.

ஏப்ரல் 3, வியாழன்

மெர்லின் அக்காவுக்கு ஜூலியின் அதே கண். சுவரில் இருக்கிற படத்தை இன்று துடைக்கும்போது பார்த்தேன். அந்தப் பிள்ளை விழித்ததும் அந்தக் கண்ணைப் பார்த்தால் போதும், அவளுக்கு அம்மா கிடைத்துவிடுவாள். நான் என்ன, கறிக்குழம்புக்கு வந்தவள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேட்டுவிட்டேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெர்லின் பெரியம்மா வீடு உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும். மொட்டமாடில ஊஞ்சல் இருக்கு."

"அங்க இருக்கப் பிடிக்குமா?"

"ம், பிடிக்கும் சித்தி" என்றாள், கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவ்வளவுதான். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

தெரு முழுக்கக் கூட்டம், எல்லார் கையிலும் குருத்தோலை. ஆன்றோ இவர் தோளில் உட்கார்ந்துகொண்டு ஓலையால் முன்னால் போகிறவர்கள் தலையில் எல்லாம் அடித்துக்கொண்டு வந்தான். நான் பெண்கள் வரிசையில் இருந்தேன். ஃபியோனா மறைக்கல்விப் பிள்ளைகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

கோயில் முனை திரும்பும்போது பின்னாலிருந்து, "அம்மா!" என்று ஒரு குரல். என்னைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இருந்தும் நான் திரும்பவில்லை. யார் அம்மாவையோ கூப்பிடுகிறாள் என்பது போல முன்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஓடி வந்து என் சேலை முந்தானையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. "எத்தன தடவ கூப்பிட்டேன்! திரும்பவே மாட்டேங்கீங்களே!"

"கூட்டத்துல கேக்கல" என்றேன்.

வீட்டுக்கு வந்து குருத்தோலையில் சிலுவை முடைந்தாள். எனக்கு ஒன்று, ஆன்றோவுக்கு ஒன்று. பிள்ளை கூப்பிட்டுத் திரும்பாத பெண்ணை என்னவென்று சொல்வது?

ஏப்ரல் 14, திங்கள்

சித்தி. இவரிடம் சொல்லிவிட்டேன், அனுப்பலாம் என்று. "நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் என்றேன். மோட்டாரைப் பார்க்கப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மெர்லின் அக்கா வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். எனக்குச் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு, ஆன்றோவுக்கு நிஜமாகவே தூக்கி இறக்குகிற கிரேன். ஃபியோனா அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நான் தேங்காய் துருவினேன்.

சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவினார். திரும்பி வரும்போது மெர்லின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "ஜெரோம் சொன்னாக. உங்களுக்கு மனசு இல்லாம செய்யாதீங்க பெர்சிஸ்" என்றார். "எனக்குப் பிள்ளை வேணும்தான். பொய் சொல்லல. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்தா டிவி சத்தம் தவிர ஒண்ணும் இல்ல. ஆனா உங்க வீட்டக் காலி பண்ணி எங்க வீட்ட நெறைக்க வேண்டாம்."

"அவளுக்கும் பிடிச்சிருக்கு அக்கா. கேட்டுட்டேன்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி. கோயிலில் கஞ்சியும் துவையலும். வெயில்.

ஏப்ரல் 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஈஸ்டர் ராத்திரிப் பூசைக்குப் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது.

மத்தியானம் இவர் வேலையில். மெர்லின் அக்கா உள்ளறையில் ஃபியோனாவின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஃபியோனாவைக் கூப்பிட்டு மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து, திங்கட்கிழமை பெரியம்மாவோடு போகிறாய் என்றேன்.

"லீவுக்கா?"

"லீவுக்கு மட்டும் இல்ல. அங்கயே படிக்கதுக்கு. பெரிய ஸ்கூல்."

"நான் எப்ப வருவேன்?"

"லீவுக்கெல்லாம் வருவ."

என் முகத்தையே பார்த்தாள். கண் பெரிதாகிக்கொண்டே போனது. வாயைத் திறந்தாள். "அம்..." என்றவள் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னமெல்லாம் சிவந்துவிட்டது.

"வாந்தி வருதா?" என்று கேட்டேன். கடவுளே, அப்படித்தான் கேட்டேன். கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

இல்லை என்று தலையாட்டினாள். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. எழுந்து வெளியே ஓடினாள். கொல்லைக்குப் போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இல்லை.

"அக்கா செருப்பு இல்ல" என்றான் ஆன்றோ.

நானும் மெர்லின் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். தெருமுனைக் கடை, அவள் சிநேகிதி வீடு, பஸ் நிறுத்தம். வெறுங்காலோடு போனது தார் சுட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் எத்தனை லாரி ஓடுகிறது என்று இன்றுதான் கண்டேன். ஆண்டவரே, அவள் கோயம்புத்தூரில் இருக்கட்டும், என்னைச் சித்தி என்றே கூப்பிடட்டும், எங்கேயாவது பத்திரமாக இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாசலில் சிஸ்டர் பெனிட்டா நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஃபியோனா. சிஸ்டரின் உடுப்பெல்லாம் பூ இதழ் ஒட்டியிருந்தது.

"ராத்திரிப் பூசைக்குப் பீடம் சோடிச்சுக்கிட்டு நிக்கேன், இவ வந்து கையப் புடிச்சு இழுக்கா" என்றார் சிஸ்டர். "ஈஸ்டர் எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்னு கேக்கா. ராத்திரின்னேன். அவ்வளவு நேரம் முடியாது சிஸ்டர், ஒறுத்தல இப்பவே முடிச்சுக்கிடலாமான்னு ஒரே அழுக. என்ன ஒறுத்தல்னா சொல்லமாட்டேங்கா. ஏதோ திங்கிற சாமான்னு நெனச்சு, விட்டுரும்மா, போய் தின்னுக்கோன்னு சொன்னேன். வீட்டுல வந்து சொல்லுங்கன்னு கூட்டிட்டு வந்துட்டா."

ஃபியோனா சிஸ்டரை அண்ணாந்து பார்த்தாள். "இப்ப விடலாமா சிஸ்டர்? இயேசு சாமி கோவப்பட மாட்டாங்களா?"

"கோவப்பட மாட்டாரு. விட்டுரு."

அவள் சிஸ்டரின் கையை விட்டுவிட்டு நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அம்மா" என்றாள். "அம்மா, நான் போவல. அம்மா, நான் இங்கதான் இருப்பேன். அம்மா, என்ன அனுப்பாதீங்கம்மா."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "இன்னைக்கு சனிக்கிழமதான" என்றேன்.

"அதான் சிஸ்டர் ஒறுத்தல விடச் சொல்லிட்டாங்கல்லா" என்றாள்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. ஒறுத்தல் கிடையாத நாட்கள். கடற்கரையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றது. கேட்டில் தொங்கிக்கொண்டு கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வைத்திருந்தாள், அதில் ஒன்றை நான் நாசரேத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இன்னொன்றில் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்தேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எட்டு வயது, நல்ல கனம்.

"அம்மான்னு கூப்பிடுததயாட்டி விட்ட? மக்ரூன விட்டிருக்கலாம்லா? டிவிய விட்டிருக்கலாம்லா?"

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ரொம்பப் பிடிச்சதத்தான விடணும்."

நான் அழுதேன். சிஸ்டர் பெனிட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஆன்றோ எல்லாரையும் பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடியே தெரியும். அக்கா சொல்லக்கூடாதுன்னா" என்றான். அன்றைக்குக் காதில் சொன்னது அதுதான்.

மெர்லின் அக்கா வேலியோரமாக நின்றிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது பெட்டியிலிருந்து ஃபியோனாவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. நான் பின்னால் போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"பெரிய லீவுக்கு ரெண்டையும் அனுப்புங்க" என்றார். "நீங்களும் வரணும். பிள்ளைய மட்டும் அனுப்பி ஏமாத்தக்கூடாது."

"வாரோம் அக்கா."

"உச்சில எண்ணெ நல்லாத்தான் வச்சு விடுதீங்க" என்றார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

ராத்திரிப் பூசையில் இரண்டும் தூங்கிவிட்டன. மணி அடித்து எல்லாரும் எழுந்து பாடியபோது இவர் என் பக்கம் குனிந்து, "மெர்லின் மதினி எல்லாம் சொன்னாக" என்றார். பாடுவதற்கு வாயைத் திறந்தவர் பாடவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். அங்கே மோட்டார் கிடையாது, எங்கேயும் போக முடியவில்லை.

பிரியாணி. ஆறு கவுனும் ஆறு வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ரயிலில் மெர்லின் அக்காவை ஏற்றிவிட்டு வந்தோம். ஜன்னல் கம்பி வழியாக இரண்டு பேருக்கும் முத்தம் கொடுத்தார். ஃபியோனா, "பெரியம்மா, ஊஞ்சலுக்கு எண்ணெ போட்டு வைங்க, லீவுக்கு வருவோம்" என்று கத்தினாள். ரயில் மறையும் வரை கையாட்டினாள். வரும் வழியில் அவருக்காகக் கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால் வேலை மலையாகக் கிடக்கிறது. இரண்டு நாள் பாத்திரம், ஊறப்போட்ட துணி, எறும்பு மொய்த்த பிரியாணிச் சட்டி. இவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

"அம்மா, என் ரிப்பன் எங்க?" "அம்மா, ஆன்றோ என்னக் கிள்ளுதான்." "அம்மா, பசிக்கு." "அம்மா, இந்தச் சட்டைல பட்டன் இல்ல." "அம்மா."

"ஏட்டி, எத்தன தடவட்டி கூப்பிடுவ? கையில வேல இருக்குல்லா!" என்று கத்திவிட்டேன்.

அடுப்படி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். பயப்படவே இல்லை.

"அம்மா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

இன்று திங்கட்கிழமை.